கடைமடைக்கும் நீர் வேண்டும்

காவிரி கடலைச் சேரும் மண்ணில் வாழ்கின்றவர்கள் நாம். ஜூன் மாதத்தில் மேட்டூர் அணை திறக்கப்பட்டது என்று செய்தி வந்தால், மறுநாளே நம் வாய்க்காலில் தண்ணீர் ஓடிவிடுவதில்லை. அது கல்லணையைக் கடந்து, தஞ்சைத் தரணியின் வயல்களை நனைத்து, அரசலாறு, நாட்டாறு, வாஞ்சியாறு, நூலாறு, திருமலைராஜனாறு என்னும் கிளைகளின் வழியே காரைக்காலுக்கு வந்துசேர நாளாகிறது. மேல்மடையில் இருப்பவர் வயல் நிறைந்த பிறகுதான் கடைமடைக்காரர் முறை. காவிரி நடுவர் மன்றம் 2007இல் புதுவை மாநிலத்திற்கு 7 டி.எம்.சி. நீர் ஒதுக்கியது, 2018இல் உச்ச நீதிமன்றமும் அந்த அளவை மாற்றவில்லை. ஆனால் தீர்ப்பில் உள்ள நீர் வேறு, வாய்க்காலில் வந்துசேரும் நீர் வேறு என்பதைத் தருமபுரத்து உழவருக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

செல்வத்தின் நிலையும் இதுவே. நாட்டில் செல்வம் பெருகுகிறதா என்பது ஒரு கேள்வி. பெருகிய செல்வம் கடைமடை வரை வந்துசேருகிறதா என்பது மற்றொரு கேள்வி. முதற் கேள்விக்கு விடை சொல்லப் பலர் இருக்கிறார்கள். இரண்டாவது கேள்வியைக் கேட்க வேண்டியவர்கள் நாம். ஏனெனில் அதன் விடை ஒவ்வொரு நாளும் நம் வீட்டு அடுப்பிலேயே தெரிகிறது.

நூறு பேரும் நூறு ரூபாயும்

இந்தியாவின் வருமானம், செல்வம் ஆகியவற்றைப் பற்றி, 1922 முதல் 2023 வரையிலான நூறாண்டுக் கணக்கை ஆராய்ந்து, தாமஸ் பிக்கெட்டி முதலான நான்கு பொருளியலறிஞர்கள் 2024இல் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். அதன் முடிவுகளைச் சிறு பிள்ளைகளுக்கும் விளங்கும்படி இவ்வாறு கூறலாம்.

நாட்டில் நூறு பேர் இருப்பதாகவும், அவர்களுடைய மொத்த வருமானம் நூறு ரூபாய் என்றும் வைத்துக்கொள்வோம். 2022–23ஆம் ஆண்டில், முதலிடத்தில் இருந்த ஒருவர் கையில் மட்டும் ஏறத்தாழ 22 ரூபாய் 60 காசு. கீழே உள்ள ஐம்பது பேருக்கும் சேர்த்து 15 ரூபாய். அதாவது ஆளுக்கு 30 காசு. நிலம், வீடு, நகை, பங்கு ஆகிய சொத்துகளை எடுத்துக்கொண்டால் இடைவெளி இன்னும் பெரிது. நூறு ரூபாய்ச் சொத்தில் அந்த ஒருவருக்கு 40 ரூபாய். அடியில் உள்ள ஐம்பது பேருக்கும் சேர்த்து ஆறரை ரூபாய்கூட இல்லை!

இது என்றும் இருந்த நிலைதானே என்று சிலர் கூறலாம். அப்படியன்று. 1980களின் தொடக்கத்தில் அந்த முதல் ஒருவரின் வருமானப் பங்கு ஏறத்தாழ 6 ரூபாயாக இருந்தது என்று அதே ஆய்வு கூறுகிறது. நம் அன்னையர் பாவாடை தாவணியில் பள்ளிக்கு வந்த காலத்திற்கும் இன்றைக்கும் இடையில் அது ஏறத்தாழ நான்கு மடங்காகியிருக்கிறது. ஆகவே இது விதி எழுதியதன்று, மனிதர் செய்தது. மனிதர் செய்ததை மனிதர் மாற்றவும் கூடும்.

வீட்டுச் செலவை எடுத்துக்கொள்வோம். மைய அரசு நடத்திய 2023–24ஆம் ஆண்டின் செலவுக் கணக்கெடுப்பின்படி, நாட்டின் கிராமப்புறத்தில் ஒருவருடைய சராசரி மாதச் செலவு 4,122 ரூபாய். அதில் ஏறத்தாழ 47 விழுக்காடு உணவுக்கே போகிறது. ஆனால் கிராமப்புறத்தின் அடித்தட்டில் உள்ள நூற்றுக்கு ஐந்து பேரின் சராசரிச் செலவு 1,677 ரூபாய்தான். ஒரு நாளைக்கு 56 ரூபாய்! சோறு, துணி, மருந்து, பேருந்து, பென்சில் எல்லாம் அதற்குள். மாதக் கடைசியில் காய் வாங்காமல் ரசமும் அப்பளமுமாக ஓட்டும் வீடுகளை நாம் அறிவோம். அந்த வீடுகளின் பிள்ளைகள் நமக்குப் பக்கத்து இருக்கையில் அமர்ந்திருக்கிறார்கள்.

இல்லாதவர் கொடுக்கும் அதிக விலை

ஏழைக்குப் பணம் குறைவு என்பது மட்டுமன்று துன்பம். அதே பொருளுக்கு அவரே அதிக விலையும் கொடுக்கிறார் என்பதை எண்ணிப் பார்த்திருக்கிறோமா?

ஒரு குடும்பத்திற்குத் திடீரென்று 50,000 ரூபாய் தேவைப்படுகிறது. தந்தைக்கு அறுவைச் சிகிச்சை. அல்லது மகளுக்குக் கல்லூரிக் கட்டணம். வீட்டில் நகையோ நிலப் பட்டாவோ இருந்தால் வங்கிக்குப் போகலாம். ஆண்டுக்கு நூற்றுக்கு 10 ரூபாய் வட்டி என்றாலும் ஓராண்டில் 5,000 ரூபாய். நகையும் இல்லை, பட்டாவும் இல்லை என்றால் தெருவில் கடன் கொடுப்பவரிடம் போகவேண்டும். அங்கே ‘மூன்று வட்டி’. கேட்பதற்குச் சிறிய எண்தான். ஆனால் அது மாதத்திற்கு நூற்றுக்கு மூன்று. மாதம் 1,500 ரூபாய். ஓராண்டில் 18,000 ரூபாய். அசல் அப்படியே நிற்கும்! தேவை ஒன்று, தொகை ஒன்று. இருப்பவருக்கு ஐயாயிரம், இல்லாதவருக்குப் பதினெண்ணாயிரம். தண்டல் கடனிலோ, கொடுக்கும்போதே ஒரு பகுதியைப் பிடித்துக்கொண்டு, முழுத் தொகையையும் நாள்தோறும் வசூலிப்பார்கள். கந்து வட்டியைத் தடுக்கத் தமிழ்நாட்டில் 2003இல் சட்டமே வந்தது. சட்டம் வந்த பிறகும் அந்த வட்டிக்கு வாங்குவோர் இருப்பதேன்? வேறு கதவு அவர்களுக்குத் திறக்கவில்லை என்பதுதான் காரணம்.

மளிகைக் கடையிலும் இதே கதை. மாதச் சாமான் மொத்தமாய் வாங்குபவருக்கு விலை சலிசு. அன்றைய கூலியில் அன்றைக்கு எண்ணெய்ப் பொட்டலம் வாங்குபவருக்கு அதே எண்ணெய் விலை கூடுதல். வயலில் போர் போட்டவர் ஆற்றுநீர் வராவிட்டாலும் நாற்று விடுவார். போர் இல்லாதவர் வானத்தைப் பார்ப்பார், அல்லது பக்கத்து வயல்காரரிடம் தண்ணீருக்குப் பணம் கொடுப்பார். கடலோரத்தில் ஆண்டுதோறும் ஏப்ரல் 15 முதல் 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். விசைப்படகின் உரிமையாளர் அந்நாட்களில் படகைப் பழுதுபார்ப்பார். அந்தப் படகில் பங்குக்குப் போகும் தொழிலாளி வீட்டில் அண்டா அடகுக்குப் போகும்.

நம் காரைக்காலுக்கென்று ஒரு தனிக் கதையும் உண்டு. 1739 முதல் பிரெஞ்சுக்காரர் ஆண்ட ஊர் இது. 1954 நவம்பர் 1இல் இந்திய ஆட்சியின் கீழ் வந்து, 1962 ஆகஸ்ட் 16இல் சட்டப்படி இணைந்தது. அப்போது பிரெஞ்சுக் குடியுரிமையைத் தேர்ந்துகொண்ட குடும்பங்கள் உண்டு. பிரான்சிலிருந்து பென்சன் பெறுபவர்கள், சிங்கப்பூரிலும் வளைகுடாவிலும் உழைத்துப் பணம் அனுப்புபவர்கள் நம்மிடையே பலர். அவர்கள் பட்ட பாட்டின் பலன் அது. அதைக் குறை கூறுவதற்கில்லை. ஆயினும் அந்தப் பணத்தின் வேகத்தில் மனைக்கட்டின் விலையும் ஏறுகிறது. உள்ளூர்க் கூலியில் வாழும் கொத்தனாரும் சித்தாளும் பிறருக்கு மாடி வீடு கட்டிக் கொடுத்துவிட்டு, தமக்கென்று அரை மனை வாங்க முடியாமல் வாடகைக் குடிசைக்குத் திரும்புகிறார்கள்.

பெண் பிள்ளை உள்ள வீடு

ஏற்றத்தாழ்வு மிகுந்த ஊரில் நடுத்தர வீடுகளுக்கும் நிம்மதி இல்லை. மேலே இருப்பவர் கல்யாண மண்டபத்தில் ஆயிரம் இலை போட்டால், அடுத்தவர் கடன் வாங்கியாவது ஐந்நூறு இலை போடவேண்டும் என்றாகிறது. மஞ்சள் நீராட்டுக்குத் தெருவெல்லாம் விளம்பரப் பலகை. முதல் நன்மைக்குப் பட்டு உடை. பிறந்தநாளுக்கு மூன்றடுக்குக் கேக். விரலுக்குத் தக்க வீக்கம் என்பது பழமொழியில் மட்டும் இருக்கிறது. பக்கத்து வீட்டைப் பார்த்துச் செலவு செய்வது ஆசையினால் மட்டும் நடப்பதன்று, பயத்தினாலும் நடக்கிறது. செய்யாவிட்டால் நம் பெண்ணை யார் மதிப்பார்கள் என்ற பயம்!

இந்தப் பயத்தின் பெயர்தான் வரதட்சணை. 1961இல் அதைத் தடுக்கும் சட்டம் வந்தது. ஆனால் பவுன் கணக்கு நின்றபாடில்லை. மாப்பிள்ளையின் சம்பளம் ஏற ஏற, கேட்கும் பவுனும் ஏறுகிறது. பெண்ணைப் பெற்ற தகப்பனார் தன் ஐம்பதாவது வயதில், இருபது ஆண்டு உழைப்பை ஒரே நாளில் கொடுத்துவிட்டு மறுபடியும் முதலிலிருந்து தொடங்குகிறார். வீட்டில் ஒருவருக்குத்தான் கல்லூரிக்குப் பணம் இருக்கிறது என்றால், அது அண்ணனுக்கா தங்கைக்கா என்ற கேள்வி எழும்போது விடை பெரும்பாலும் நாம் அறிந்ததே. ஊருக்குள் இருக்கும் ஏற்றத்தாழ்வு வீட்டுக்குள்ளும் வந்து, பெண்ணின் தலையில் அமர்கிறது.

‘நகை போட்டு அனுப்பிவிட்டோம், இனிச் சொத்தில் உனக்கென்ன பங்கு?’ என்று கேட்கும் வழக்கம் நம் மக்களிடையே இன்றும் உண்டு. இங்கே ஒரு கிறிஸ்தவப் பெண்மணியை நினைவுகூர வேண்டும். கேரளத்தில், திருவிதாங்கூர் கிறிஸ்தவ வாரிசுரிமைச் சட்டம் 1916ஆம் ஆண்டிலிருந்து நடைமுறையில் இருந்தது. உயில் எழுதாமல் தந்தை இறந்தால், மகனுக்குக் கிடைப்பதில் நான்கில் ஒரு பங்கு அல்லது 5,000 ரூபாய், இவற்றில் எது குறைவோ அதுதான் மகளுக்கு. மேரி ராய் என்ற ஆசிரியை இதை எதிர்த்து உச்ச நீதிமன்றம் சென்றார். 1986இல் தீர்ப்பு வந்தது. அந்தப் பழைய சட்டம் செல்லாது என்றாயிற்று. ஊரும் உறவும் தூற்றியபோதும் அவர் பின்வாங்கவில்லை. இந்துக் குடும்பங்களில் பிறந்த பெண்களுக்குத் தமிழ்நாட்டில் 1989இலும், நாடு முழுவதும் 2005இலும் பூர்வீகச் சொத்தில் சம உரிமை சட்டமாயிற்று. பெண்ணுக்குப் பவுன் கொடுத்துக் கடன்படுவதைவிட, படிப்பும் சட்டப்படியான பங்கும் கொடுப்பதே நேர்மை என்பது எம் துணிபு.

கீழவெண்மணி சொல்லும் பாடம்

ஏற்றத்தாழ்வு எதுவரை போகும் என்பதை அறியத் தொலைதூரம் செல்ல வேண்டியதில்லை. நாகப்பட்டினத்துப் பகுதியில் உள்ள கீழவெண்மணி நமக்கு அண்டை ஊர். அறுவடைக் கூலியாகச் சிறிது நெல் கூட்டிக் கேட்டார்கள் உழவுத் தொழிலாளர்கள். அதையொட்டி எழுந்த பகையில், 1968 டிசம்பர் 25 இரவு, ஒரு குடிசைக்குள் தஞ்சம் புகுந்த 44 பேர் தீயில் மாண்டனர். அவர்களில் பெரும்பாலோர் பெண்களும் குழந்தைகளும். பாலன் பிறப்பைப் பாடிக் கோயில்களில் மணி ஒலித்த அதே இரவு! கீழ் நீதிமன்றம் தண்டித்த நிலவுடைமையாளர்களை 1973இல் உயர் நீதிமன்றம் விடுவித்தது. வசதி படைத்த நிலக்கிழார்கள் தாமே நடந்து வந்து இப்படிச் செய்திருப்பார்கள் என்று நம்புவது கடினம் என்பதும் அத்தீர்ப்பில் இடம்பெற்றது. சொத்து உள்ளவர் சொல் அம்பலம் ஏறுவது எப்படி என்பதற்கு இதைவிட வேறு சான்று வேண்டுமா?

ஆனால் அந்தச் சாம்பலிலிருந்து ஒரு நல்ல செயலும் பிறந்தது. கிருஷ்ணம்மாள் ஜெகந்நாதன் என்னும் பெண்மணி, நிலமற்ற தலித் குடும்பத்தில் பிறந்து படித்து முன்னேறியவர். காந்தி வழியிலும் வினோபாவின் பூமிதான இயக்கத்திலும் கணவருடன் பணியாற்றியவர். கீழவெண்மணிச் செய்தி கேட்டு இந்தக் கீழ்த் தஞ்சைப் பகுதிக்கு வந்தார். பழிக்குப் பழி என்று அவர் சொல்லவில்லை. விதியென்று விட்டுவிடவும் இல்லை. கூலிக்காரருக்குச் சொந்த நிலம் வேண்டும் என்றார். 1981இல் ‘லாப்டி’ என்னும் அமைப்பைக் கணவருடன் தொடங்கினார். நிலம் வைத்திருப்பவரிடம் பேசி, நியாய விலைக்கு வாங்கி, வங்கிக் கடனுக்கு வழி செய்து, குடும்பத்திற்கு ஓர் ஏக்கர் என்று, பெண்களின் பெயரிலேயே பதிவு செய்து கொடுத்தார். மாற்று நோபல் பரிசு எனப்படும் விருது 2008இல் அவருக்கு வழங்கப்பட்டபோது, இவ்வகையில் ஏறத்தாழ 13,000 குடும்பங்கள் நிலம் பெற்றிருந்தன.

ஓர் ஏக்கர் என்ன பெரிய சொத்து என்று கேட்கலாம். நேற்றுவரை அடுத்தவர் வரப்பில் நின்று கூலி கேட்டவள் இன்று தன் வரப்பில் நிற்கிறாள். அந்தப் பத்திரத்தைக் காட்டி வங்கியில் ஏறலாம். மூன்று வட்டிக்காரரிடம் கை கட்டி நிற்க வேண்டியதில்லை. மகளின் படிப்பை நிறுத்த வேண்டியதில்லை. கூலி உயர்ந்தால் வயிறு நிறையும். சொத்து வந்தால் முதுகு நிமிரும்.

பின்னர் இதே கரையோரத்தில் பெரும் பணம் போட்டவர்கள் இறால் பண்ணைகள் அமைத்தார்கள். உப்புநீர் கசிந்து அண்டை வயலும் குடிநீரும் கெட்டன. லாபம் ஒருவருக்கு, உப்பு ஊருக்கு! அதையும் எதிர்த்து ஜெகந்நாதன் உச்ச நீதிமன்றம் சென்றார். கடற்கரை ஒழுங்குமுறைப் பகுதியில் உள்ள அத்தகைய பண்ணைகளை அகற்ற வேண்டும் என்று 1996 டிசம்பரில் தீர்ப்பாயிற்று. செல்வம் சேர்ப்பதற்கும் ஓர் எல்லை உண்டு. அந்த எல்லை அயலாரின் வாழ்வு.

ஐந்து விரலும் ஒன்றா?

‘ஐந்து விரலும் ஒன்றாக இருக்குமா?’ என்று பெரியவர்கள் கேட்பதுண்டு. இராதுதான். ஆனால் ஐந்து விரலுக்கும் ஒரே இரத்தம் ஓடுகிறது. ஒரு விரல் மட்டும் வீங்கி மற்றவை சூம்பிப் போனால் அதை இயற்கை என்போமா, நோய் என்போமா?

‘உழைத்தவன் முன்னேறுகிறான், சோம்பேறி பின்தங்குகிறான்’ என்பாரும் உண்டு. சேற்றில் இறங்கி, இடுப்பு ஒடிய நாற்று நடும் பெண்ணைவிட உழைப்பவர் யார்? அவள் ஏன் முன்னேறவில்லை? ஆண் ஆளுக்கு ஒரு கூலி, பெண் ஆளுக்கு அதனினும் குறைந்த கூலி என்ற வழக்கம் ஏன்? சம ஊதியச் சட்டம் 1976இலேயே வந்துவிட்டதே! உழைப்பு வேண்டும், அதில் ஐயமில்லை. உழைப்பிற்குத் தக்க பலனும் வேண்டும் என்பதே நாம் சேர்த்துச் சொல்வது.

முன்னேற்றமே இல்லை என்று நாம் கூறவில்லை. பட்டினிச் சாவு அருகியிருக்கிறது. பள்ளிக்கு வராத பெண் குழந்தையைக் காண்பது இன்று அரிது. கூரை வீடுகள் பல காரை வீடுகளாகியிருக்கின்றன. இவையெல்லாம் தாமாக வந்தவை அல்ல. பொதுப் பணத்தைப் பள்ளிக்கும் சத்துணவுக்கும் மருத்துவமனைக்கும் செலவிட்டதால் வந்தவை. அதாவது மேல்மடையில் மதகு வைத்து, கடைமடைக்கும் முறை வைத்ததால் வந்தவை. ஆகவே வரியும் சட்டமும் நலத்திட்டமும் இலவசப் பிச்சை அல்ல; நீர்ப்பங்கீடு.

திருச்சபையும் இதைத்தான் கூறிவருகிறது. திருத்தந்தை 13ஆம் சிங்கராயர் 1891இல் எழுதிய ‘ரேரும் நோவாரும்’ என்னும் சுற்றுமடல், தொழிலாளி தன் குடும்பத்தைக் காப்பாற்றப் போதுமான கூலி பெறுவது நீதி என்று எடுத்துரைத்தது. 1967இல் 6ஆம் பவுல் எழுதிய மடல், தேவைக்கு மேற்பட்டதைத் தனக்கே வைத்துக்கொள்ளும் உரிமை, பிறர் அடிப்படைத் தேவைக்கு ஏங்கும்போது எவருக்கும் இல்லை என்று அறிவுறுத்தியது. 2025இல் தேர்ந்தெடுக்கப்பட்ட திருத்தந்தை, 13ஆம் சிங்கராயரை மனத்திற்கொண்டே 14ஆம் லியோ என்ற பெயரை ஏற்றார். அவருடைய முதல் அறிவுரை மடலும் ஏழைகள்மீது கொள்ளும் அன்பைப் பற்றியதே.

நற்செய்தியில் வரும் செல்வனும் லாசரும் நமக்குத் தெரிந்த கதை. அந்தச் செல்வன் லாசரை அடித்தான், திருடினான் என்று இயேசு பெருமான் கூறவில்லை. வாயிலில் கிடந்தவனை அவன் பார்க்கவில்லை. அதுவே அவன் குற்றம். பார்க்காமலிருப்பது மிக எளிது. அதுவும் உயர்ந்த மதில் கட்டியபின் இன்னும் எளிது.

நம் தருமபுரத்தின் பழங்கதையும் இதற்கு மாறுபட்டதன்று. திருநீலகண்ட யாழ்ப்பாணர் பாணர் குலத்தவர், திருஞானசம்பந்தர் அந்தணர். சம்பந்தர் அவரைத் தம்முடனே ஊர் ஊராக அழைத்துச் சென்றார். இவ்வூரில் தம் யாழில் அடங்காத பாட்டைக் கேட்டு, மனம் வருந்திய பாணர் யாழை உடைக்க முனைந்தபோது, கைபிடித்துத் தடுத்தவரும் சம்பந்தரே. உயர்ந்தவர், உடன் வருபவரின் கருவி உடைய விடலாகாது. தருமம் என்ற சொல்லை ஊர்ப் பெயரில் தாங்கியவர்கள் இதை மறக்கலாமா?

நாம் செய்யக் கூடியவை

நாட்டின் வரிச் சட்டத்தை ஒரு பள்ளி மாற்ற முடியாது. ஆனால் பள்ளிக்குள் ஏற்றத்தாழ்வு நுழையும் வாயில்களை அடைக்க முடியும்.

சீருடை எல்லாரையும் ஒன்றாக்குகிறது. அதை ஆண்டு விழா நடன உடை பிரித்துவிடக் கூடாது. வாடகை உடைக்கு ஆயிரம் ரூபாய் கேட்கும் நடனத்தில் நன்றாக ஆடும் பிள்ளை ஒதுங்கி நிற்பதும், பணம் உள்ள பிள்ளை மேடையேறுவதும் நமக்குப் பெருமையன்று. உள்ளதைக் கொண்டு ஆடும் நிகழ்ச்சிகளே போதும். சுற்றுலாவிற்கு வராதவர்களைக் கையுயர்த்தச் சொல்லாமல், யார் பணம் கட்டினார், யார் கட்டவில்லை என்று மற்றவர் அறியாதபடி ஒரு பொது நிதி வைக்கலாம். கட்டணம் கட்டாதவர் பெயரை வகுப்பில் படிக்கும் வழக்கம் எந்தப் பள்ளியில் இருந்தாலும் அது நிற்க வேண்டும். கடன்பட்டவர் தந்தை, தலைகுனிபவள் குழந்தை!

பெற்றோரே, உங்களிடம் ஒரு வேண்டுகோள். பிறந்தநாளுக்கு வகுப்பு முழுவதற்கும் விலையுயர்ந்த இனிப்புக் கொடுத்தனுப்பாதீர்கள். அதே தொகைக்கு நூலகத்திற்கு ஒரு புத்தகம் தாருங்கள். சடங்கையும் திருமணத்தையும் சுருக்குங்கள். வசதியுள்ளவர் சுருக்கினால்தான் வசதியில்லாதவர் மானத்தோடு சுருக்க முடியும். வீட்டில் பாத்திரம் தேய்க்கும் அம்மாவிற்கும் வயலில் களை எடுக்கும் பெண்ணுக்கும் உரிய கூலியை உரிய நாளில் கொடுங்கள். கோயில் உண்டியலில் போடுவது தருமம். கூலியைக் குறைக்காமல் கொடுப்பது நீதி. நீதியைச் செய்த பிறகு செய்வதே தருமம்.

தோழியரே, பாரிஸ் நகரில் 1833ஆம் ஆண்டு புனித வின்சென்ட் தே பவுல் சபையைத் தொடங்கிய பிரெடெரிக் ஓசானாமுக்கு அப்போது வயது இருபது. அவரும் உடனிருந்தவர்களும் மாணவர்களே. ஏழைகளின் வீட்டிற்கு நேரில் சென்று பார்ப்பதே அவர்கள் முதலில் செய்த வேலை. நாமும் பார்க்கத் தொடங்குவோம். மதிய உணவு வேளையில் தனியே திரும்பி அமர்ந்து உண்பவள் யார், தடைக்கால மாதத்தில் பாடக் குறிப்பேடு வாங்காதவள் யார் என்று பார்ப்போம். பார்த்ததை ஊரெல்லாம் சொல்லாமல், நம் சோற்றை நடுவில் வைத்து உண்போம். நாளை நாம் ஆசிரியையாக, செவிலியராக, வங்கி அலுவலராக, வழக்கறிஞராக, வீட்டுத் தலைவியாக எந்த நாற்காலியில் அமர்ந்தாலும், எதிரே நிற்பவரின் செருப்பைப் பார்த்துக் குரலை மாற்றாதிருப்போம். வரதட்சணை கேட்கும் வீட்டிற்குப் போகமாட்டோம் என்று இன்றே நெஞ்சில் எழுதிக்கொள்வோம். நாளை நம் மகனுக்காகக் கேட்கவும் மாட்டோம் என்று அதன் கீழே எழுதிக்கொள்வோம், இரண்டாவதுதான் கடினம்.

மடையின் கதவை மேலே இருப்பவர் திறக்க வேண்டும். வாய்க்காலைக் கீழே இருப்பவர் தூர்வாரி வைக்க வேண்டும். இரண்டும் நடந்தால்தான் கடைசி வயலும் பச்சை பிடிக்கும். கடைசி வயல் விளைந்த ஆண்டையே விளைந்த ஆண்டு என்று சொல்லும் காலம் வரட்டும்.